பேட் பிடித்தவளுக்கு ஒரு பெயர்

நான் கிரிக்கெட்டைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கேன்டீன் டிவியை ஆண்கள் உட்காரும் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பெண்களுக்குத் தூணுக்கு இந்தப் பக்கம் நான்கு மேசைகள். அங்கிருந்து பார்த்தால் தூணும், அதற்கு அப்பால் நீலச் சட்டை போட்ட முதுகுகளும்தான் தெரியும். மேட்ச் நாட்களில் அரை மணி நேரச் சாப்பாட்டு வேளை முழுக்க வர்ணனை மட்டும் எங்கள் தட்டு வரைக்கும் வந்து சேரும். யார் அடித்தார், பந்து எங்கே போனது, யார் பிடித்தார், எல்லாம் காதால்தான்.

அந்த மேசையில் என் எதிரே உட்கார்ந்தவள் இல்லாவிட்டால் எனக்கு அதுவும் புரிந்திருக்காது. அவள் ஆரம்பாக்கத்துக்காரி. அப்பா அம்மா இருவரும் நெல் வயலில் கூலிக்குப் போய் வளர்த்த பிள்ளைகளில் கடைசி. இரண்டு அண்ணன்களும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். அதற்கு முன்னால், அறுவடை முடிந்த வயலில் அவர்கள் கிரிக்கெட் ஆடும்போது பந்து போட ஆள் குறைந்தால் இவளைக் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டுக் கூப்பிட்டு, அண்ணன்களைவிட வேகமாகப் போட ஆரம்பித்துவிட்டாள். வேலையில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். அச்சிலிருந்து வரும் ரப்பர் புஷ் என்கிற வளையத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டி எறிவது எங்கள் வேலை. சாப்பாட்டு நேரத்தில், கறிவேப்பிலையையும் மிளகாய்க் காம்பையும் தட்டில் ஆள் நிறுத்துவதுபோல் நிறுத்தி, டிவியிலிருந்து வரும் குரலுக்கு ஏற்ப நகர்த்திக் காட்டுவாள்.

"இது பவுலர். இது கீப்பர். அது தேர்ட் மேன்."

"மூணாவது ஆளா? மத்த ரெண்டு பேரு எங்க?"

"அது எனக்கும் தெரியாதுடி. பேரு அப்டித்தான். நான் அங்க நின்னாலும் மேன்தான்."

ஒருநாள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சட்டென்று கையை நிறுத்தினாள்.

"பவுலர்னா யாரு வேணா இருக்கலாம். கீப்பர், அம்பயர், கேப்டன், யாரு வேணா. பேட்டத் தொட்டா மட்டும் பேட்ஸ்மேன் ஆயிடணுமா? இன்னா நியாயம் இது?"

"உடு. பேருதானே."

"பேருதான். உன் பேர உட்டுட்டு வேற யாரு பேரயோ சொல்லிக் கூப்ட்டா நீ திரும்புவியா?"

அதற்குள் மணி அடித்துவிட்டது.

வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வந்தால் சூளூர்ப்பேட்டை பக்கம் போகிற ரயிலுக்கு முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். நான் எளாவூரில் இறங்குகிறவள், அவள் அடுத்த ஸ்டேஷன். ரயிலுக்குள் சேர்ந்திருக்கும் நேரம் கொஞ்சம்தான். பிளாட்பாரத்தில் சேர்ந்திருந்த நேரம்தான் எங்களுடையது. அங்கே அவள் வர்ணனை செய்வாள். தண்ணீர் பாட்டிலை மைக்குபோல் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, போகிறவர்களையும் வருகிறவர்களையும் பற்றி, டிவியில் வரும் அதே குரலில்.

"மேம்பாலத்தோட கடைசிப் படியிலேருந்து ஓட ஆரம்பிக்கறாங்க. கையில ரெண்டு பை, இடுப்புல ஒரு கொழந்த. சென்னை போற வண்டி கெளம்பப் போவுது. அடடா, செருப்பு கழண்டுடுச்சு! ஆனா உடல, செருப்பக் கையில எடுத்துக்கினு, உள்ள ஏறிட்டாங்க! இந்த நெருக்கடியான நேரத்துல இப்டி ஒரு ஓட்டம், ரொம்ப ரொம்ப முக்கியமான ஓட்டம்!"

பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். வேர்க்கடலை விற்கிற பெரியவர் கூடையோடு வந்து எங்கள் முன்னால் நின்று, "என்னியும் ஒருதபா சொல்லும்மா" என்று கேட்பார். அவரைப் பற்றிச் சொல்லும்போதும் அவள் "கூடைய எறக்கறாங்க, பொட்டலம் மடிக்கறாங்க" என்றுதான் சொல்வாள். டிவியில் 'அடிச்சாரு' என்றால் அது ஆண். 'அடிச்சாங்க' என்றால் பெண்ணாக இருக்கலாம், பல பேராக இருக்கலாம், மரியாதைக்குரிய யாராகவும் இருக்கலாம். அவள் இந்த இரண்டாவதை எடுத்து உலகத்தில் எல்லாருக்கும் போட்டுவிட்டாள். யோசித்துச் செய்தாளா, வாய்க்கு அப்படி வந்ததா, நான் கேட்டதில்லை. அந்த நாட்களில் எதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. நாளைக்கும் பிளாட்பாரம் இருக்கும், நாளைக்கும் ரயில் தாமதமாக வரும்.

கம்பெனியில் குடியரசு தினத்தன்று விளையாட்டு விழா வைப்பார்கள். ஆண்களுக்கு டிபார்ட்மென்ட் வாரியாகக் கிரிக்கெட், கபடி. பெண்களுக்கு மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், கோலப் போட்டி. நான் சேர்ந்த மூன்றாவது வருஷம், எங்களுக்கும் கிரிக்கெட் வேண்டும் என்று அவள் கிளம்பினாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மனுவை நான்தான் எழுதினேன். டிரிம்மிங், பேக்கிங், ஹவுஸ்கீப்பிங் என்று பெண்களாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம். எச்.ஆர். அதிகாரி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பால் பட்டு யாருக்காவது அடிபட்டா யாரும்மா பொறுப்பு?"

"மெஷின்ல கை மாட்டிக்கினா யாரு பொறுப்போ அவங்கதான் சார்" என்றாள்.

நான் அவள் துப்பட்டாவைப் பின்னாலிருந்து இழுத்தேன். ஆனால் அவர் சிரித்துவிட்டார். ஆண்களின் அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவில் அணிக்கு ஆறு ஓவர், டென்னிஸ் பந்தில் ஆடிக்கொள்ளலாம் என்றார்.

கம்பெனிக்குப் பின்னால் இருந்த பொட்டலில், சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்கிய இடத்தில் மைதானம். ஒரு பக்கம் ஷாமியானா, அதன் கீழே மைக் செட். மைக்கில் பேசியவர் ஸ்டோர்ஸில் வேலை செய்த அண்ணன். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் டென்னிஸ் பந்துப் போட்டி நடந்தாலும் வர்ணனைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல கணீர்க் குரல். கெட்ட மனிதர் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சுடிதாரில், துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினோம். அவள் பந்து போட, நான் ஸ்டம்புக்குப் பின்னால் கீப்பர். முதல் ஓவரில் பேக்கிங் பெண் ஒருத்தி பேட்டோடு வந்து நின்றாள்.

"பந்துவீச்சாளர் தயார். எதிரே பேட்ஸ்மேன், மன்னிக்கணும், பேட்ஸ்…" மைக் ஒரு நொடி தடுமாறியது. "பேட்ஸ்கேர்ள்!"

மைதானத்தைச் சுற்றி நின்ற இருநூறு ஆண்களும் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் அவருக்குச் சூடு பிடித்துவிட்டது. அடுத்து வந்தவள் 'பேட்ஸ்தங்கச்சி'. அதற்கடுத்து வந்த அக்கவுண்ட்ஸ் பெண் 'பேட்ஸ்மேடம்'. ஒவ்வொரு பெயருக்கும் விசில். அடிக்கிற பந்தையோ பிடிக்கிற கேட்சையோ யாரும் பார்க்கவில்லை. அடுத்து வருகிறவளுக்கு என்ன பெயர் வைக்கப் போகிறார் என்று காத்திருந்தார்கள்.

மூன்றாவது ஓவரில் ஹவுஸ்கீப்பிங் அக்கா வந்தார். ஐம்பதை நெருங்கியவர். மனுவில் கைநாட்டு வைக்காமல், எழுத்துக் கூட்டிக் கையெழுத்தே போட்டவர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நின்றார். அவர் முகத்தை நான் மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தேன். அப்படி ஒரு கவனத்தை அதுவரை அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"வந்துவிட்டார் நமது பேட்ஸ்ஆயா!"

மைதானமே குலுங்கியது. அக்கா பேட்டை மெல்லத் தரையில் ஊன்றிக்கொண்டு குனிந்தார். அப்போது நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று இத்தனை வருஷத்தில் எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் சிரிக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அந்தச் சொல் உண்மையிலேயே கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது. எந்தக் காரணமும் நிற்கவில்லை. பந்தோடு ஓடி வந்துகொண்டிருந்தவள் பாதியில் நின்றதையும், நேராக என்னைப் பார்த்ததையும் நான் பார்த்தேன். என் வாய் இன்னும் மூடவில்லை.

அவள் திரும்பி ஷாமியானாவை நோக்கி நடந்தாள். மைக் அணைக்கப்படவில்லை. அதனால் அவள் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது.

"அண்ணா, நாங்க ஆடறதுக்கு வந்திருக்கோம். உங்களச் சிரிக்க வெக்கறதுக்கு வரல. என்னிய பவுலர்னு சொல்றீங்க இல்ல? அதே மாதிரி அவங்களுக்கும் ஒரு பேரு சொல்லுங்க. தெரியலன்னா ஆடறவங்கன்னு சொல்லுங்க. அது போதும்."

ஒருவரும் விசிலடிக்கவில்லை. மைக்கில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மறுபடி தன் இடத்துக்குப் போய், பந்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பொறுத்து மைக் பேசியது. குரல் இறங்கியிருந்தது.

"இப்போது ஆடுபவர்… வலது கை ஆட்டக்காரர். பந்துவீச்சாளர் ஓடி வருகிறார்."

அக்காவுக்காக மெதுவாகப் போடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அன்றைக்குப் போட்டதிலேயே வேகமான பந்து அது. நடு ஸ்டம்பு என் காலடியில் வந்து விழுந்தது. அக்கா திரும்பிப் பார்த்து, "என்னியே அவுட்டாக்கிட்டியாடீ!" என்று வாய்விட்டுச் சிரித்தபடி போனார். அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை என்று தோன்றியது.

ஆட்டத்தில் எங்கள் அணி ஜெயித்தது. அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எல்லாக் கேடயத்தையும் ஒரே கடையில் மொத்தமாகச் செய்ததால் அதில் 'ஆட்ட நாயகன்' என்று பொறித்திருந்தது. மைக் அண்ணன் அதைப் படிக்கப் போனவர் நிறுத்தி, "இன்றைய ஆட்டத்தில் சிறப்பாக ஆடியவர்" என்று அறிவித்தார். அவள் போய் வாங்கிக்கொண்டு, எழுத்தைப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

சாயங்காலம் பிளாட்பாரத்தில் அவள் ஒன்றும் பேசவில்லை. என்னால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. அவள் கேட்காமலே வாயைத் திறந்தேன்.

"அந்தாளு சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க பாரு, எனக்குக் கோவம் கோவமா வந்துச்சுடி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ம்" என்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு மூடினாள்.

அடுத்த நாள் டீ நேரத்தில் ஸ்டோர்ஸ் அண்ணன் நாங்கள் வேலை செய்யும் இடத்துக்கே வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, சுற்றியிருந்த பத்துப் பேர் கேட்க, "தப்பா எடுத்துக்காதம்மா. இத்தினி வருஷமா மைக் புடிக்கறேன், இத யாரும் எனக்குச் சொல்லல" என்றார். ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் ஏற்கெனவே போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அவள் எழுந்து நின்று, "பரவால்லண்ணா, அதான் அப்பவே மாத்திக்கினீங்களே" என்று டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். நானோ பக்கத்து ஸ்டூலில் குனிந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்க வைத்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். சிரித்தவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிட்டோம், சேர்ந்துதான் ரயிலுக்குக் காத்திருந்தோம். சண்டை என்று எதுவும் இல்லை. வர்ணனை மட்டும் நின்றுவிட்டது. வேர்க்கடலைப் பெரியவர் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். "தொண்டை சரியில்ல தாத்தா" என்று சொல்லிவிட்டாள். ஆறேழு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குத் திருவள்ளூரில் வேலை. சர்ச்சில் நடந்த கல்யாணத்துக்குப் போய், கூட்டத்தோடு மேடை ஏறி, ஒரு ஹாட் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். அவள் என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தாள். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள்.

திருவள்ளூரும் நாங்கள் இருக்கும் மாவட்டம்தான். என் ரேஷன் கார்டில்கூட அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் ரயிலில் போவதென்றால் சென்னை வரைக்கும் போய் மாறி, வேறு பாதையில் திரும்பி வர வேண்டும். பஸ் என்றால் பெரியபாளையம் வழியாகச் சுற்ற வேண்டும். ஒரு நாள் லீவு வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆரம்பத்தில் போனில் பேசினோம். பிறகு அவள் எண் மாறியது, பிறகு என் எண் மாறியது. எனக்கும் கல்யாணம் ஆகி, கும்மிடிப்பூண்டியிலேயே வாடகைக்கு வந்து, பெண் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் மேட்ச். நான் கீழே உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது தூண் இல்லை, நேராகப் பார்க்கலாம். ஆனாலும் எனக்குக் கேட்டுத்தான் பழக்கம். "புது பேட்ஸ்மேன்" என்று ஆரம்பித்த வர்ணனையாளர், "புது பேட்டர் உள்ள வராங்க" என்று அதே மூச்சில் திருத்திக்கொண்டார். அவரோடு சேர்ந்து வர்ணனை செய்தவர்கள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் கிளவுஸை இழுத்துவிட்டுக்கொண்டு கிரீஸுக்கு நடந்து போனாள். முதல் பந்தைத் தடுத்தாள். அவ்வளவுதான். மேட்ச் போய்க்கொண்டே இருந்தது.

என் கை நின்றுவிட்டது. இதை உடனே ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். அந்த ஒருத்தி எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

"இன்னா ஆச்சு? கைய வெட்டிக்கினியா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல. ஆரம்பாக்கம் வரைக்கும் போய்ட்டு வரணும்."

"இப்பவா?"

அடுத்த ஞாயிறு போனேன். அவள் வீடு இருந்த தெருவில் வீடுகளெல்லாம் மாடியாகியிருந்தன. பெரிய அண்ணனின் மனைவி என்னை அடையாளம் தெரியாமல் நின்று, பிறகு, "எளாவூர் அக்காவா! இன்னா இப்டி எளச்சிட்டீங்க" என்று உள்ளே கூப்பிட்டு எண் கொடுத்தார். ஸ்டேஷனுக்கு வரும் வழியிலேயே ஓரமாக நின்று கூப்பிட்டேன்.

"யாரு?" குரல் மாறவில்லை.

சொன்னேன். "எங்கடி போய்ட்ட நீ?" என்றாள்.

திருவள்ளூருக்குப் பக்கத்தில் காக்களூர் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற இடத்தில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறாளாம். இரண்டு பையன்கள். நைனா தவறிவிட்டாராம், அவள் அப்பா. நான் என் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பேட்டர் என்று டிவியில் சொன்னதைச் சொன்னேன்.

"அப்டியா? நான் எங்க டிவி பாக்கறேன். வந்தா துணி, எந்திரிச்சா சமையல். பசங்க பாப்பானுங்க."

அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு கிரவுண்டுல நானும் சிரிச்சேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் நீ கேக்கல?"

"நீதான் கேக்கறதுக்கு முன்னாடியே இல்லன்னுட்டியே. திரும்பக் கேட்டா திரும்ப ஒரு பொய் சொல்லுவ. எதுக்குடி உன்னிய பேஜார்ல உடணும்?"

லாரி ஒன்று போனது. அது போய் முடிந்ததும் நான்தான் கேட்டேன்.

"கோவமா?"

"அப்ப இருந்துச்சு. சிரிச்சதுக்கு இல்ல. உன்னாண்ட சொல்லித்தான் நான் எல்லாத்துக்கும் சிரிப்பேன். அப்புறம் யாராண்ட சொல்றதுன்னு தெரியல." பிறகு அவளே, "உடு, பழசு. ஒருநாள் வா" என்றாள்.

போனேன். காக்களூரில் அவள் கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் வைத்துத்தான் பார்க்க முடிந்தது. அன்று ஞாயிறாக இருந்தும் அவளுக்கு ஓவர்டைம். ஐ.டி. கார்டைச் சட்டைப் பைக்குள் திருப்பிச் செருகிக்கொண்டு வேகமாக நடந்து வந்தாள். உடம்பு போட்டிருந்தது. வலது தோளை அடிக்கடி பிடித்துவிட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் பிள்ளைகளைப் பற்றியும் தைராய்டு மாத்திரையைப் பற்றியும் பேசினோம். நடுவில் போன் இரண்டு தடவை அடித்தது. எனக்கு அவள் பேசுவது முழுதாகக் காதில் ஏறவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவளிடமே இன்னொருத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "நானும் தேடறேன்டி, கெடச்சா சொல்லு" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெரியபாளையம் தாண்டும் வரை அழுதுகொண்டே வந்தேன். துக்கம் என்று சொல்ல முடியாது. மன்னிப்பு கிடைத்துவிட்டது, ஆளையும் பார்த்தாயிற்று. ஆனாலும் ஏங்கியது அதற்கில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ரயில் தாமதமாக வரும் ஒரு சாயங்காலத்தில், எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை எந்த லீவு போட்டும் வாங்க முடியாது.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறோம். நான் இன்னும் வேலை செய்யும் அதே கம்பெனியில் இந்த வருஷம் பெண்கள் அணிக்குத் தனியாக நீலச் சட்டை எடுத்திருக்கிறார்கள். மற்ற கம்பெனிகளோடும் ஆட வேண்டும் என்று புதுப் பெண்கள் துடிக்கிறார்கள். ஆட்களைத் திரட்டும் வேலை என் தலையில் விழுந்தது. காக்களூரிலிருந்து ஒரு அணி வருமா என்று போன வாரம் அவளிடம் கேட்டேன்.

"எங்க லைன்ல நல்லா ஆடற பொண்ணுங்க நாலு பேரு இருக்காங்க. மீதிக்கு ஆளு பாக்கணும்" என்றாள்.

"நீ?"

"தோளு தூக்க முடியலயேடி." சற்றுப் பொறுத்து, "லீவு கெடைக்குமான்னு கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை. நான் கேட்டு நெருக்கவும் இல்லை. அணிப் பட்டியலில் காக்களூர் என்று எழுதி, அதன் கீழே பதினோரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.